போர்மியோ காத்திருந்த காற்று

மே 7, புதன்

நேற்று வகுப்பில் ஒரு பிழை விட்டேன். சின்னப் பிழைதான். ஆனால் பதினான்கு பிரதிகள் எடுத்து எல்லோருக்கும் கொடுத்த பிழை. கொரிந்துக் கப்பல்கள் நாற்பத்தேழும் கடலில் வட்டம் கட்டி நிற்கிற படத்தில், கப்பல் மூக்குகளை எல்லாம் உள்ளே பார்க்க வரைந்துவிட்டேன். அவை வெளியே பார்த்திருக்க வேண்டும். உள்ளே பார்த்து நின்றால் அது போருக்கு நிற்பதல்ல, கேக் வெட்டுவதற்கு நிற்பது.

டெனுசன்தான் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் வகுப்புக்கு மரியாதையாகச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து தமிழில், "என்ன ஜது, எங்கட கொரிந்தியரை சுவர்ப் பக்கம் திருப்பி விட்டிருக்கிறீர்? வகுப்பில குழப்படி செய்தவையோ?" என்றார்.

பிரதிகளைத் திரும்ப வாங்கினேன். பதின்மூன்றுதான் வந்தன. ஒன்றைக் காணவில்லை.

இதை அப்டன் பார்க்கில் நான் வேலை செய்யும் பார்மசியின் பின்னறையில், மதிய இடைவேளையில் எழுதுகிறேன். பின்னால் படிக்கும்போது எனக்கே விளங்கவேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுதுகிறேன்.

வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில், மாலை ஆறரை முதல் எட்டரை வரை. பண்டைய கிரேக்க வரலாறு. ஆசிரியை ஃபியோனா. இருவர் இருவராக ஒரு போரை எடுத்து, எதிரெதிர்ப் பக்கம் நின்று பேசவேண்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். எனக்கும் டெனுசனுக்கும் கி.மு. 429இல் கொரிந்து வளைகுடாவின் வாயில் நடந்த கடற்போர். ஏதென்ஸின் தளபதி போர்மியோவிடம் இருபது கப்பல்கள். எதிரே கொரிந்தியரும் அவர்களுடைய கூட்டாளிகளும், நாற்பத்தேழு கப்பல்கள். போர்மியோ வென்றார். கேள்வி இதுதான்: திறமையால் வென்றாரா, அதிர்ஷ்டத்தால் வென்றாரா? திறமை என்பது என் பக்கம். அதிர்ஷ்டம் என்பது டெனுசனின் பக்கம்.

டெனுசனுக்கு இருபத்தாறு வயது. பிளேஸ்டோவில் இருக்கிறார். பெற்றோர் மன்னார். வார நாட்களில் ஒரு களஞ்சியத்தில் வேலை, சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் விழாக்களுக்கு வீடியோ எடுக்கிறார். கொரிந்தியரின் பக்கத்தைத் தானே கேட்டு எடுத்தார். "கோயில் பூசையில 'கொரிந்தியருக்கு எழுதிய திருமுகம்' எண்டு கேட்டுக் கேட்டு வளர்ந்தனான். விட்டுக்குடுக்க ஏலாது" என்றார்.

எனக்கு இது விளையாட்டல்ல. நவம்பரில் கிரேக்க மட்பாண்டங்கள் பற்றிப் பேச எழுந்து, மூன்றாவது வசனத்தில் நின்றுவிட்டேன். நான்கு நிமிடம் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். ஃபியோனா அதைத் தேறவில்லை என்று எழுதினார். ஒரு முறைதான் திரும்பச் செய்யலாம். அது மே 20. அதில் தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் செப்டம்பரில் தொடங்கும், மாலையில் நடக்கும் பகுதிநேரப் பட்டப்படிப்பில் எனக்கு இடம் இல்லை.

இன்று செய்தது: படத்தைத் திருத்தி வரைந்தேன். மூக்குகளை நாலு தரம் எண்ணினேன். நாற்பத்தேழும் வெளியே.


மே 11, ஞாயிறு

காலை பத்து மணிக்கு அடுப்பில் வைக்கிற பெரிய தட்டில் தண்ணீர் நிரப்பி, நாற்பத்தேழு ஏலக்காய்களை வட்டமாக மிதக்க விட்டேன். ஏலக்காய்க்கு இரண்டு பக்கமும் கூர் இருப்பதால் பார்க்கக் கப்பல் மாதிரியே இருந்தது. ஏதென்ஸுக்கு இருபது கராம்பு. கராம்பு பாதிக்கு மேல் தண்ணீருக்குள் போய்விட்டது. போர் தொடங்க முதலே ஏதென்ஸின் கடற்படை தாண்டு, மூழ்கிப் போயிற்று.

அம்மா வந்து பார்த்தார். "உது பாயாசத்துக்கு வைச்ச ஏலக்காய் எல்லே?"

"கொரிந்துக் கப்பல், அம்மா."

"கப்பலோ? நல்லாக் கழுவிப்போட்டு டப்பாவில திரும்பப் போடு. ஆருக்கும் சொல்லாத."

கராம்புக்குப் பதிலாக ஸ்ட்ரோவை வெட்டிப் போட்டுத் தொடர்ந்தேன்.

போர் நடந்த விதத்தை எழுதிவைக்கிறேன். கொரிந்தியர் இரவோடிரவாகப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு வளைகுடாவின் வாயைக் குறுக்கே கடக்கப் பார்த்தார்கள். இருபது கப்பலோடு ஒருவன் நாற்பத்தேழு கப்பலை மறிப்பான் என்று அவர்கள் நினைக்கவில்லை. போர்மியோ நடுக்கடலில் மறித்தார். உடனே அவர்கள் வட்டம் கட்டினார்கள். மூக்கு வெளியே, வால் உள்ளே. சின்ன வள்ளங்களையும் மிக வேகமான ஐந்து கப்பல்களையும் நடுவில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துப் போர்க்கப்பலின் ஆயுதம் அதன் மூக்குத்தான். வெண்கலம் பூட்டியிருக்கும். அதனால் மற்றக் கப்பலின் விலாவில் இடிப்பார்கள். எல்லா மூக்கும் வெளியே பார்த்தால் இடிக்க விலா கிடையாது. முள்ளம்பன்றி மாதிரி. குறை சொல்ல முடியாத திட்டம்.

போர்மியோ இடிக்கவில்லை. தன் இருபது கப்பல்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் விட்டு, அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். உரசுவது போல் மிக நெருக்கமாக. இப்போது அடிக்கப்போகிறார், இப்போது அடிக்கப்போகிறார் என்று ஒவ்வொரு கொரிந்துக் கப்பலும் நினைக்கும். ஆனால் அவர் அடிக்கமாட்டார். நான் அடையாளம் காட்டும் வரை ஒருவரும் அடிக்கக்கூடாது என்று முன்னமே சொல்லிவைத்திருந்தார். வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கியது. அவர் காத்திருந்தார். அந்த வளைகுடாவிலிருந்து விடியற்காலையில் வழக்கமாக ஒரு காற்றுக் கிளம்பும். அது கிளம்பியது. நெருங்கி நின்ற கப்பல்கள் ஒன்றோடொன்று முட்டின. கம்பால் தள்ளினார்கள், கத்தினார்கள், ஒருவரை ஒருவர் ஏசினார்கள். அந்தச் சத்தத்தில் கட்டளை எதுவும் கேட்கவில்லை. அந்தக் கணத்தில் போர்மியோ அடையாளம் காட்டினார். முதலில் தாண்டது ஒரு தளபதியின் கப்பல். பன்னிரண்டு கப்பல்கள் பிடிபட்டன. மற்றவை தப்பி ஓடின.

இதை ஏழு தரம் வாசித்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் எனக்கு மெய் சிலிர்ப்பது அடித்த இடத்தில் அல்ல, சுற்றி வந்த இடத்தில். ஒரு கப்பலில் நூற்றெழுபது பேர் துடுப்பு வலித்தார்கள். இருபது கப்பலில் மூவாயிரத்து நானூறு பேர். எதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அடிக்காதே என்ற ஒரு சொல்லுக்காக மூவாயிரத்து நானூறு பேர் அடிக்காமல் சுற்றியிருக்கிறார்கள்.

ஆனால் என் தட்டில் அது நடக்கவில்லை. ஸ்ட்ரோத் துண்டுகளைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினேன். ஏலக்காய் வட்டம் சுருங்கவில்லை. தலைமுடி காயவைக்கிற மெஷினால் காற்று அடித்தேன். நாற்பத்தேழும் ஒற்றுமையாக ஒரு மூலைக்குப் போயின. ஒன்றும் முட்டவில்லை. பதினொரு தரம் செய்தேன். பதினொரு தரமும் அப்படியே.

டெனுசன் சொல்வதுதான் சரியோ என்று பயமாக இருக்கிறது. திறமை என்றால் வட்டம் ஏன் சுருங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை.


மே 14, புதன்

நேற்றைய வகுப்பின் குறிப்பு:

6.34 தொடக்கம். 7.41 பக்கத்து அறைத் தையல் வகுப்பார் தேநீர் போட வந்தார்கள். (அவர்களின் அறையில் தண்ணீர்க் குழாய் இல்லை. கேத்தல் எங்கள் அறையின் மூலையில் இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் பத்துப் பதினைந்து பேர் கோப்பையோடு எங்கள் நடுவால் போவார்கள். ஃபியோனா அந்த ஐந்து நிமிடமும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்.) 8.00 எங்கள் இடைவேளை.

இடைவேளையில் டெனுசன் பிஸ்கட்டோடு வந்தார். "எழுதி முடிச்சிட்டீரோ?"

"பதினொரு பக்கம்."

"பதினஞ்சு நிமிசத்துக்குப் பதினொரு பக்கமோ? போர்மியோவே அவ்வளவு கதைச்சிருக்க மாட்டார்."

"உங்கட எத்தினை பக்கம்?"

"எனக்கு ஒரு வசனம் காணும். காத்து வந்தது, அவன் வெண்டான். காத்து வராட்டி? நாள் முழுக்கச் சுத்திச் சுத்தி தலை சுத்தி விழுந்திருப்பான். உதுக்குப் பேர் திறமை இல்லை, லொத்தர்."

"அந்தக் காத்து ஒவ்வொரு விடியவும் வாறது."

"எங்கட 238 பஸ்சும்தான் ஒவ்வொரு விடியவும் வரும் எண்டு எழுதியிருக்கு. நம்பி நிண்டு பாரும்."

எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். நானும் சிரித்தேன். போர்மியோ காற்றை நம்பி நின்றார் என்பது சரி. காற்று வர முதலே வட்டம் சுருங்கியது ஏன் என்பதுதான் என் ஓட்டை. அதை டெனுசன் கண்டுபிடித்தால் நான் முடிந்தேன்.

இன்று இன்னொரு விசயம். பார்மசி முதலாளி இராஜேந்திரன் அங்கிள் பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, ஜூனிலயிருந்து பின்னேர ஷிப்ட் ஒண்டு திறக்கிறன். ரெண்டு மணியிலயிருந்து பத்து மணி வரைக்கும். உம்மைவிடக் கவனமான ஆள் எனக்குக் கிடைக்காது. முழுநேர வேலை, நிரந்தரம். ஆனால் உமக்கு உந்தப் பின்னேர வகுப்பு இருக்கு."

"ஓம் அங்கிள். இருபதாந் திகதி ஒரு சோதனை மாதிரி. அதுக்குப் பிறகு சொல்லட்டே?"

"வியாழன், இருபத்திரண்டு. காலமை. அதுக்குப் பிறகு வேற ஆளைப் பாக்க வேணும், சரியே?"

அவர் நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். இருபதாம் திகதி நான் தேறாவிட்டால், ஷிப்டை எடுக்காமல் இருக்க என்னிடம் ஒரு காரணமும் இருக்காது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பேன். கிரேக்கம் முடிந்துவிடும்.


மே 18, ஞாயிறு

நேற்று எங்கள் சொந்தக்காரி சயந்தினி அக்காவின் மகள் மிதுஷாவின் சாமத்தியவீடு, பூப்புனித நீராட்டு விழா, வீட்டுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். வேண்டாவெறுப்பாகத்தான் போனேன். அந்த நேரத்துக்கு ஒரு தரம் ஒத்திகை பார்த்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. போகாமல் விட்டிருந்தால் என்ன இழந்திருப்பேன் என்று இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

வீடியோக்காரர் டெனுசன். எனக்குத் தெரியாது. வாசலில் கமராவோடு கண்டதும், "ஏதென்ஸ் அம்மணி சேலையில வந்திருக்கிறா" என்றார்.

நான் ஆலாத்தித் தட்டம் பிடிக்கவேண்டிய பதினேழு பெண்களில் ஒருத்தி. வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்தி ஏற்றிய தட்டம். அம்மாவிடம் பலகாரத் தட்டம். பிள்ளையை நடுவில் இருத்தி, நாங்கள் சுற்றி வட்டமாக நிற்க வேண்டும். ஆரம்பத்தில் வட்டம் பெரிது. ஒவ்வொரு மாமிக்கும் தன் சேலையின் கொசுவத்துக்கும் தட்டத்துக்கும் தாராளமாக இடம் இருந்தது. பரந்த வட்டம், ஒரு படத்துக்குள்ளும் அடங்காது.

டெனுசன் கமராவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் முதுகுப் பக்கமாகச் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. பேசவில்லை, தொடவில்லை. கமரா கிட்ட வரும்போது ஒவ்வொருத்தியும் சேலை மிதிபடுமோ என்று அரை அடி உள்ளே வைத்தாள். கமரா போன பிறகு வெளியே திரும்பி வரவில்லை. மூன்றாவது சுற்றில் என் முழங்கை அம்மாவின் தட்டத்தில் முட்டியது. ஐந்தாவது சுற்றில் பதினேழு தட்டமும் விளிம்போடு விளிம்பு.

அந்த நேரத்தில் சாம்பிராணிப் புகை கூடிவிட்டது. அலாரம் அடிக்கப்போகிறது என்று மண்டபத்துக்காரர் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார். காற்று ஒரேயடியாக உள்ளே வந்தது. விளக்குகள் சாய்ந்தன. சேலைத் தலைப்புகள் பறந்தன. "ஐயோ நெருப்பு!" "தள்ளாதேங்கோ மாமி!" "ஆர் தள்ளினது, நீதானே இடிக்கிறாய்!" "என்ரை கொசுவத்தில நிக்கிறியள்!" ஒலிவாங்கியில் யாரோ, "பெண்கள் எல்லாரும் ஒரு அடி பின்னுக்கு, ஒரு அடி பின்னுக்கு" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒருத்திக்கும் கேட்கவில்லை. அம்மாவின் தட்டத்திலிருந்து மூன்று லட்டு உருண்டு மேடைக்குக் கீழே போயின.

நான் தட்டத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஏழு தரம் வாசித்த சத்தம்.

சாப்பாட்டு நேரத்தில் டெனுசனிடம் போனேன். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏன் பேசாமல் சுத்தி நடந்தனீங்கள்? உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் ஆர் கேக்கினம்? மாமி கொஞ்சம் உள்ளுக்கு வாங்கோ எண்டால் மாமிக்குக் கோவம் வரும். சுத்தி நடந்தால் தங்கட பாட்டில உள்ளுக்குப் போவினம். பயப்பட்ட ஆள் ஒருநாளும் வெளிய கால் வைக்காது."

"அப்ப அந்தக் கதவு?"

ரோல்ஸைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "புகை போட்டு அஞ்சு நிமிசத்தில எந்த ஹோலிலையும் கதவு திறபடும். அஞ்சு வருசமாப் பாக்கிறன். அப்பதான் தலைப்புப் பறக்கும், படத்தில உயிர் வரும். அதுக்குக் கொஞ்சம் முதல் வட்டம் சின்னனா இருக்க வேணும். அவ்வளவுதான். ஏன் கேக்கிறீர்?"

"சும்மா."

ஏலக்காய்க்குப் பயம் இல்லை. அதுதான் என் தட்டில் வட்டம் சுருங்கவில்லை. வட்டத்தைச் சுருக்கியது போர்மியோவின் கப்பல்கள் அல்ல, உள்ளே இருந்தவர்களின் பயம். அதை அவர் அறிந்திருந்தார். காற்றையும் அறிந்திருந்தார். இரண்டையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்க எவ்வளவு நேரம் சுற்றவேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். கி.மு. 429இல் ஒரு மனிதர் இவ்வளவையும் இருட்டுக்கடலில் கணக்குப் போட்டிருக்கிறார்.




மே 19, திங்கள்

பதினொரு பக்கத்தையும் இரண்டு பக்கமாக்கினேன்.

என் குறிப்புகளில் தையல் வகுப்பார் வந்த நேரங்களைத் தேடி எடுத்தேன். ஜனவரியிலிருந்து பதினாறு செவ்வாய்க்கிழமைகள். 7.40, 7.41, 7.40, 7.39, 7.42... பதினைந்து நாள் 7.39க்கும் 7.43க்கும் இடையில். ஒரே ஒரு நாள் 7.46. அன்று மழை, ரெயில் பிந்தியது என்று எழுதியிருக்கிறேன்.

திட்டம்: டெனுசன் 7.10க்குத் தொடங்கினால் 7.25க்கு முடிப்பார். நான் 7.25 முதல் 7.40 வரை. வகுப்பில் மிச்சமிருக்கும் பன்னிரண்டு பேரையும் வட்டமாக நிறுத்துவேன், கையில் காகிதத் தட்டு, அதில் தண்ணீர்க் கோப்பை. கதவுக்கும் கேத்தலுக்கும் நடுவில்.

அதற்குப் பிறகு நான் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை. தையல் வகுப்பார் காற்றுப் போல உள்ளே வரும் வரை பேசாமல் நிற்கவேண்டும். நவம்பரில் நான் தோற்ற விதமும் அதுவே.


மே 21, புதன்

நேற்று நடந்தது. நேர ஒழுங்கில் எழுதுகிறேன்.

7.10. டெனுசன் தொடங்கினார். கடதாசி இல்லை, கையை வீசிக்கொண்டு பேசினார். பத்து நிமிடத்தில் எல்லோரையும் கொரிந்தியர் ஆக்கிவிட்டார். அவர்களின் வட்டம் எவ்வளவு நல்ல திட்டம் என்று காட்டினார். காற்றை மட்டும் எடுத்துவிடுங்கள், போர்மியோ யார் என்று இன்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்றார். நான்கு நிமிடம் கூடப் பேசினார். ஃபியோனாவும் ரசித்துக்கொண்டு இருந்ததால் நிறுத்தவில்லை.

7.29. என் முறை. நான்கு நிமிடம் பிந்தியதால் என் நேரம் 7.44 வரை. இதை நான் கணக்கில் வைக்கவில்லை. ஆனால் மூன்றாவது வசனத்தைத் தாண்டினேன். நான்காவதையும். துடுப்பு வலித்த மூவாயிரத்து நானூறு பேரைப் பற்றிச் சொல்லும்போது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அதைக் கண்டேன்.

7.36. வட்டத்தை நிறுத்தினேன். முகம் வெளியே. நடுவில் மூன்று கதிரைகள், சின்ன வள்ளங்களுக்குப் பதிலாக. எல்லோர் கையிலும் தட்டு, நிறையத் தண்ணீர். தண்ணீரைச் சிந்துகிறவர் தாண்ட கப்பல் என்று சொன்னேன். பிறகு டெனுசனைக் கூப்பிட்டு, போனைக் கமரா மாதிரிப் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். தமிழில், "சனிக்கிழமை நடந்த மாதிரி" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு நடந்தார். முகத்துக்கு முன்னால், உரசுகிற மாதிரி, கோப்பையைத் தட்டிவிடுவேன் என்பது போலக் கையை நீட்டி நீட்டி எடுத்து. தொழில் தெரிந்த ஆள்.

7.39. வட்டம் அரை அடி சுருங்கிவிட்டது. பின்னுக்கு வைத்த கால் ஒன்றும் முன்னுக்கு வரவில்லை.

7.40. கதவு திறக்கவில்லை.

7.41. திறக்கவில்லை. பேச எனக்கு இன்னும் அரைப் பக்கம் இருந்தது. அதை வாசித்து முடித்தால் எப்படியோ தேறிவிடலாம் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அவரும் இப்படித்தானே நின்றிருப்பார். கிழக்கு வெளுக்கிறது, காற்று இல்லை, இருபது கப்பலிலிருந்தும் எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள்.

7.42. யாரோ மெல்லச் சிரித்தார்கள். ஃபியோனா பேனாவை எடுத்தார். நவம்பரில் வைத்திருந்த அதே முகம், இரக்கமான முகம். "ஜதுர்ஷிகா, வேண்டுமானால் நாங்கள்..." என்று தொடங்கினார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். என் ஆசிரியைக்கு நான் கையால் பொறுங்கோ என்று காட்டியது இதுவே முதல் தரம். டெனுசன் சுற்றிக்கொண்டே இருந்தார். முதுகுகள் கதிரைகளில் முட்டிவிட்டன. இனிப் பின்னால் இடம் இல்லை.

7.43. கதவு திறந்தது.

பதின்மூன்று பேர், கோப்பைகளோடு, வழக்கம் போல. முன்னால் வந்த பெண்மணி "சொரி, சொரி" என்று சொல்லிக்கொண்டே வட்டத்துக்குள்ளால் கேத்தலுக்கு நடந்தார். பின்னால் மற்றவர்கள். வட்டம் ஒதுங்கப் பார்த்தது, ஒதுங்க இடமில்லை. தட்டில் தட்டு அடித்தது. "கவனம்!" "தள்ளாதீர்கள்!" "அது என் கால்!" ஒரு கதிரை விழுந்தது. ஃபியோனா என்னவோ சொன்னார், ஒருவருக்கும் கேட்கவில்லை.

நான் "இப்போது" என்றேன். வட்டத்துக்குள் போய்த் தட்டுகளைக் கைகளிலிருந்து எடுத்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஏழு தட்டு எடுத்தேன். ஐந்து கோப்பை ஏற்கனவே நிலத்தில். கூட்டினால் பன்னிரண்டு, போர்மியோ பிடித்த கப்பல்களும் பன்னிரண்டு. இதை நான் திட்டமிடவில்லை. இது அதிர்ஷ்டம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

சத்தம் அடங்கியதும் கடைசி வசனங்களைச் சொன்னேன். அவை கடதாசியில் இல்லை. "இவர்கள் ஒவ்வொரு செவ்வாயும் ஏழு நாற்பதுக்கு வருவார்கள். ஜனவரியிலிருந்து எழுதி வைத்திருக்கிறேன். இன்று மூன்று நிமிடம் பிந்தினார்கள், நான் காத்திருந்தேன். இது அதிர்ஷ்டமா என்று டெனுசனிடம் கேளுங்கள். சனிக்கிழமைகளில் கதவு திறப்பதற்காக அவரும் காத்திருப்பார்."

டெனுசன் நிலத்துத் தண்ணீருக்கு நடுவில் போனைப் பிடித்தபடியே நின்றார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "இல்லை, அதிர்ஷ்டம் இல்லை. ஐந்து வருட அனுபவம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தையல் வகுப்பார் என்ன நடந்ததென்று விளங்காமலே கைதட்டினார்கள்.

7.45. ஒரு நிமிடம் கூட எடுத்துவிட்டேன்.

இடைவேளையில் நிலத்தைத் துடைத்தோம். டெனுசன் மொப்பைப் பிடித்துக்கொண்டு, "கள்ளி. என்ரை தொழிலை வைச்சே எனக்கு அடிச்சுப்போட்டீர். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில நான் சும்மா எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தனான்" என்றார்.

"நீங்கள்தானே கேக்காமலே சுத்தி வந்தது."

"கொரிந்தியர் தோத்ததில பிழையில்லை. உம்மை மாதிரி ஆக்களோட ஆர் வெல்லுறது?" சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்தார். காணாமல் போன பதினான்காவது பிரதி. மூக்கெல்லாம் உள்ளே. "இதை வைச்சு இண்டைக்கு உம்மை நக்கலடிக்க நினைச்சனான். நேரம் வரேல்லை. இனி என்னட்டையே இருக்கட்டும்."

திருப்பித் தரச் சொன்னேன். தரவில்லை.

8.30க்கு ஃபியோனா என்னை நிறுத்தி, புள்ளியைச் சொன்னார். நூற்றுக்கு அறுபத்தொன்று. தேறிவிட்டேன். நேரம் மீறியதற்கும், வகுப்பு நிலத்துக்கும் புள்ளி குறைத்திருக்கிறார். கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "மௌனத்தைப் பயன்படுத்திய விதம் நன்று." அதை ரெயிலில் நான் இறங்குகிற குட்மேய்ஸ் வரும் வரை பார்த்துக்கொண்டு வந்தேன். டெனுசனுக்கு அறுபத்தெட்டு. அவர் என்னைவிட நன்றாகப் பேசினார், அது நியாயம்தான்.

ஆனாலும் ஒரு சந்தேகம். 7.44 வரை கதவு திறக்காமல் இருந்திருந்தால்? நேற்றும் 7.46 ஆகியிருந்தால்? போர்மியோவுக்கும் காற்று வராத ஒரு விடியற்காலை இருந்திருக்கும். அன்று அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அடுத்த சுற்றுச் சுற்றியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கப்பல்களில் ஒன்றில் நூற்றெழுபதாவது ஆளாகத் துடுப்புப் பிடிக்கக் கிடைத்திருந்தால் நான் கேள்வி கேட்காமல் வலித்திருப்பேன்.

இன்று அம்மா ஏலக்காய் டப்பாவைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுப் பாயாசம் வைத்தார்.

இராஜேந்திரன் அங்கிள் புதன்கிழமைகளில் மற்றக் கடையில் நிற்பார், அதனால் இன்று காண முடியவில்லை.

நாளை வியாழன். காலை 8.45க்கு, கடை திறக்க முதல், பின்னேர ஷிப்டை எடுக்க ஏலாது என்று அங்கிளிடம் சொல்ல வேண்டும். பகல் ஷிப்டில் தொடர்ந்து வைத்திருப்பாரா என்று கேட்க வேண்டும். மதிய இடைவேளையில் பட்டப்படிப்பு விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டும்.